அம்மா விரித்த பாய்

மூன்று இரவுகள் தூங்காமல் மொட்டை மாடியில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த தம்பியை மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். ஆனால் அவன் கட்டிலருகே அம்மா பாய் விரித்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் டாக்டர் வித்யா சாகர் கூடாரம் அமைத்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார் என்று பிறகு படித்தபோது கண் கலங்கியது.

"தூக்கம் எப்போது குறைந்தது?" என்று மருத்துவர் கேட்டார். அம்மா கிழமையோடு சொன்னாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்காகப் பேச ஒருவரைத் தம்பியே நியமிக்கலாம். தெளிந்ததும் அவன் சித்தப்பாவின் பெயரை எழுதினான், என் பெயரை அல்ல. வலித்தது. "அவர் என்னை ஒருநாளும் அதட்டியதில்லை அக்கா" என்றான். உண்மைதான். நான் அதட்டியிருக்கிறேன்.

வீடு திரும்புமுன் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். இரண்டு இரவு தூக்கம் கெட்டால் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டும்; மாத்திரை அம்மா பொறுப்பு; நள்ளிரவில் பதறினால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. என் பங்கை அவனே சொன்னான்: "அக்கா, மாலையில் என்னோடு நடக்க வா. பேச வேண்டாம்."

இன்றும் நடந்தோம், ரயில்வே கேட் வரை.