தோற்றுக்கொண்டிருந்தவரின் லிமிட்

எங்கள் விளையாட்டுப் பந்தய நிறுவனத்தில் அந்த வாடிக்கையாளரின் கணக்கு நஷ்டத்தில்தான் இருந்தது. அவர் எவ்வளவு வரை கட்டலாம் என்பதை நிர்ணயிக்கும் ஸ்டேக் ஃபேக்டரை நான் 1-லிருந்து 0.05-க்கு இறக்கியதும் பக்கத்து இருக்கை இளைஞர் கேட்டார்: "தோத்துக்கிட்டுதானே சார் இருக்காரு, அவரை எதுக்கு வெட்டணும்?"

பதில் தயாராகவே இருந்தது. விலை வைக்கும் டிரேடிங் டெஸ்க்கில் வாடிக்கையாளரின் வெற்றி தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நூறு பந்தயத்தில் அதிர்ஷ்டம் எந்தப் பக்கமும் சாயலாம். பார்ப்பது க்ளோசிங் லைனை, அதாவது ஆட்டம் தொடங்கும் நொடியில் நிற்கும் கடைசி விலையை; உண்மையான வாய்ப்புக்கு நெருக்கமான விலையாக அதைத்தான் எடுத்துக்கொள்வோம். அவர் 2.10-க்கு (1 கட்டி வென்றால் 2.10 திரும்பக் கிடைக்கும் விலை) எடுத்த அணி ஆட்டம் தொடங்கும்போது 1.95, எதிரணி 1.87. 1-ஐ இரண்டு விலைகளாலும் வகுத்துக் கூட்டினால் 1.0476. 1-க்கு மேல் இருப்பது நம் மார்ஜின், விலையில் நாம் சேர்த்து வைக்கும் லாபம். அதை நீக்கினால் அணி வெல்லும் வாய்ப்பு சுமார் 48.95 சதவீதம், நியாயமான விலை 2.04. ஆக, அவர் போடும் ஒவ்வொரு 100-க்கும் நம் கையிலிருந்து 2.80 போகிறது. இன்று போகாவிட்டாலும் ஆயிரம் பந்தயத்துக்குள் பெரும்பாலும் போய்விடும்.

தாங்க முடியாதா என்றால், முடியாது. இருபுறமும் 1.91 வைத்து, பணமும் சமமாக வந்தால் 100-க்கு மிஞ்சுவது 4.50. நியூயார்க்கில் அதில் 51 சதவீதம் மாநில வரி. அமெரிக்க மத்திய அரசின் 0.25 சதவீதம் வருவாய் மீதல்ல, பந்தயத் தொகை மீதே. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் 4.50-இல் அது பதினெட்டில் ஒரு பங்கு. மீதி சுமார் 1.96. டேட்டா ஃபீட், கார்டு கட்டணம், போனஸ் எல்லாம் அதற்குள்.

அடுத்த கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. "அப்போ யாருக்கு சார் லிமிட்டை ஏத்துறோம்?"

பார்லே ஆடுபவர்களுக்கு, அதாவது பல ஆட்டங்களை ஒரே பந்தயமாகக் கோர்த்து, எல்லாம் வென்றால்தான் பணம் என்று கட்டுபவர்களுக்கு. நான்கு ஆட்டங்களைக் கோர்த்தால் 4.5 சதவீத மார்ஜின் பெருகி ஏறக்குறைய 16.8 ஆகிவிடும். கணக்கு தெரிந்தவருக்குக் கதவை அடைத்து, தெரியாதவருக்கு அகலத் திறப்பது. சட்டம் பெரும்பாலான இடங்களில் இதைத் தடுப்பதில்லை. பந்தயத்தை ஏற்பதும் மறுப்பதும் புக்மேக்கர் (எங்களைப் போல் பந்தயம் வாங்கும் நிறுவனம்) விருப்பம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014-இல் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் வேறு விதி வந்தது: பெருநகர ஓட்டங்களில் புக்மேக்கர் 2,000 டாலர் இழக்கும் அளவுக்காவது பந்தயத்தை ஏற்றாக வேண்டும். எல்லா விளையாட்டுக்கும் அப்படி வந்தால் 1.91 எல்லோருக்குமே 1.87 ஆகும் என்பது எங்கள் தரப்பு வாதம். பொய்யில்லை. அந்த 1.91 யாருடைய காசில் நிற்கிறது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

இன்னொன்று. கணக்கை ஒரேயடியாக மூடாமல் 0.05 வைத்ததற்குக் காரணம் தயவு இல்லை. 1,000 போட்டவர் இனி 50 போடுவார். அந்த 50 விழுந்த நொடியில் 2.10-ஐ 2.04-க்கு இறக்கிவிடலாம். நம் விலையைத் திருத்தித் தரும் ஆளுக்கு 100-க்கு 2.80 வீதம் கொடுப்பது உண்மையில் மலிவான கூலி. அப்படிப் பார்த்தால் 0.05 குறைவுதான், 0.25 வைத்திருக்கலாம். ஆனால் ரிஸ்க் அறிக்கையில் அதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?