மழை பெய்திருக்கிறது

திருநெல்வேலியில் என் வீட்டு முன்னறையில், நர்சிங் படிக்கும் பெண்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பிரசன்ட் பெர்ஃபெக்ட். ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’, அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். இந்த அமைப்பு ஐந்து நிமிடத்தில் மனப்பாடமாகிவிடும். எங்கே போடக்கூடாது என்பதுதான் எளிதில் பிடிபடுவதில்லை.

தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதால்தான் தவறு வருகிறது என்பேன். காலையில் கதவைத் திறக்கிறோம். முற்றம் ஈரம்; கொடியில் எடுக்க மறந்த துண்டு சொட்டிக்கொண்டிருக்கிறது. “ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்கிறோம். பெய்தபோது நாம் தூங்கிக்கொண்டிருந்தோம். ஈரத்தைப் பார்த்துச் சொல்கிறோம். அந்த ‘இருக்கிறது’ எவ்வளவு அழகான வேலை செய்கிறது! ஆனால் அதை அப்படியே “இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்” என்று எழுதினால் ஆங்கிலம் ஏற்காது. நேற்றிரவு, போன வாரம், 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேஸுக்கு அங்கே இடமில்லை. “இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்” என்றுதான் எழுத வேண்டும்.

‘போயிருக்கிறார்’ இன்னொரு சிக்கல். அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார். இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான்’. எப்போதோ போய்வந்தவர் என்றால் ‘ஹேஸ் பீன்’. நமக்கு ஒரே சொல் போதும், பேச்சின் போக்கு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சின்ஸும் ஃபாரும் அவ்வளவு கஷ்டமில்லை: ‘2015 முதல்’ என்றால் சின்ஸ், ‘பத்து வருடமாக’ என்றால் ஃபார்.

சொல்லிப் புரியவைக்கச் சிரமமானது வேறொன்று. “பாரதியார் காசியில் இருந்திருக்கிறார்” என்று தமிழில் தயங்காமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இப்படி ஒருவரின் அனுபவத்தை ஹேஸ் போட்டுச் சொல்ல வேண்டுமானால், அவர் உயிரோடு இருக்க வேண்டும். 1898இல் காசிக்குப் போன பாரதியாருக்கு ‘வென்ட்’, ‘லிவ்ட்’ என்ற இறந்தகாலம்தான்.

இதை நடத்திய அடுத்த வாரம் ‘என் குடும்பம்’ பற்றி எழுதச் சொன்னேன். அதிகம் பேசாத ஒரு பெண் எழுதியிருந்தாள்: “மை ஃபாதர் ஹேஸ் வொர்க்ட் இன் எ ரைஸ் மில் ஃபார் ட்வென்டி டூ இயர்ஸ்.” ஹேஸ் சரி, ஃபார் சரி. மகிழ்ச்சியோடு டிக் போட்டுவிட்டு, “அப்பா எந்த மில்லில் இருக்கிறார்?” என்று கேட்டேன்.

“அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது, டீச்சர்.”

சொல்லும்போதே அவளுக்குப் பாரதியார் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நோட்டை என்னிடமிருந்து வாங்கி, ‘ஹேஸ்’ மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டாள். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான்கு எழுத்துக்கூட இல்லாத ஒரு சொல்லை அடித்ததும் வாக்கியம் சரியாகிவிட்டது. எனக்குத் தொண்டையை அடைத்தது.

அவள் விரல் அடுத்த வரிக்குப் போனது. “ஐ ஹேவ் கெப்ட் ஹிஸ் சைக்கிள்.”

“இந்த ஹேவையும் அடிக்க வேண்டுமா, டீச்சர்?”

“வேண்டாம்மா. சைக்கிளை வைத்திருப்பது நீதானே.”