கண்ணாடி நெகட்டிவ்களுக்கு ஒரு வெளிச்சப் பெட்டி

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ்கள் கிடக்கின்றன. ஐயா காலத்துப் படங்கள். பெரும்பாலும் ஹாஃப் பிளேட், அதாவது 4¾ × 6½ அங்குலம். இவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். சாதாரண ஸ்கேனர் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. நெகட்டிவுக்கோ பின்னாலிருந்து ஊடுருவும் ஒளி வேண்டும். அதனால் மேலே கேமரா, கீழே வெளிச்சப் பெட்டி என்று முடிவு செய்தேன்.

பெட்டிக்குள் வெறும் எல்இடி வைத்தால் போதாது. இந்த நெகட்டிவ்களில் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஒரே திசையில் வரும் ஒளி அதில் பட்டால், அந்தத் துகள்கள் சிதறடிக்கும் பங்கு லென்ஸுக்கு வந்து சேராது. கான்ட்ராஸ்ட் ஏறிவிடும், கீறல்கள் எடுப்பாகத் தெரியும். இதைக் காலியர் விளைவு என்கிறார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். எங்கள் பிளேட்டுகளில் கீறலுக்குப் பஞ்சமில்லை.

ஒளியைப் பரப்ப முதலில் தேய்த்த கண்ணாடி. ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் (டைல்) பட்டறையில் உதிரிக் கண்ணாடி கேட்டேன். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல்தான் வண்ணச் சிமெண்ட்டை ஊற்றுகிறார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்தே வருகிறது.

“ஒரு கீறல் விழுந்தாலே நாங்க ஒதுக்கி வச்சிருவோம். நீங்க வேணும்னே கீறப் போறீங்களாண்ணே?” என்று சிரித்தார் அங்கிருந்த தம்பி.

சிலிக்கான் கார்பைடு தூளைத் தண்ணீரில் குழைத்து, முதலில் 220 நம்பர் தூள், அப்புறம் அதைவிட நைசான 400 என்று தேய்த்தேன். பார்க்க அழகாகத்தான் வந்தது. கேமராவில் பார்த்தால் எல்இடி இருக்கும் இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. தேய்த்த பரப்பு ஒளியைக் கொஞ்சம்தான் விலக்குகிறது, நேராக வருவதன் கை ஓங்கியே இருக்கிறது.

அடுத்து, காரைக்குடியில் போர்டு செய்யும் கடையில் வாங்கிய 3 மி.மீ. பால் வெள்ளை அக்ரிலிக். இதில் சிதறல் மேற்பரப்பில் மட்டும் இல்லை, கனம் முழுக்க நடக்கிறது. உள்ளே பலமுறை சிதறி வெளியே வரும் ஒளிக்கு வந்த திசையின் சுவடே இருக்காது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். ஒளி நிறைய வீணாகும்தான், ஆனால் ஸ்டாண்டில் நிற்கிற கேமராவுக்கு அது ஒரு பொருட்டில்லை.

நான் போட்டது மீட்டருக்கு 60 எல்இடி உள்ள பட்டை, இடைவெளி சுமார் 17 மி.மீ. அக்ரிலிக்கை 2 செ.மீ. உயரத்தில் வைத்தபோது பொட்டுகள் மங்கலாகத் தெரிந்தன, 5 செ.மீ.யில் மறைந்தன. மூலைகள் மட்டும் மந்தம்: ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் பிரகாச அளவு (0 முதல் 255 வரை) நடுவில் 210, மூலையில் 178.

இதற்குப் பெட்டியின் உட்சுவர்தான் மருந்து. எங்கள் வீட்டுப் பட்டாலைச் சுவரின் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு மாதிரிப் பளபளப்பு இங்கே ஆகாது, அது விளக்கின் பிம்பத்தையே திருப்பிக் காட்டும். வெள்ளையடித்த கொல்லைச் சுவர்தான் சரியான மாதிரி. சுண்ணாம்பு மரத்தில் உதிரும் என்பதால் மேட் வெள்ளை எமல்ஷன் அடித்தேன். மூலை 196க்கு ஏறியது.

பழைய எல்சிடி மானிட்டர் ஒன்றையும் பிரித்தேன். அதில் மெல்லிய டிஃப்யூசர் தாளும், நுண்ணிய வரிகள் ஓடும் பிரிசம் தாளும் இருந்தன. பிரிசம் தாள் ஒளியை முன்பக்கமாகக் குவிப்பது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். டிஃப்யூசர் தாளை மட்டும் அக்ரிலிக்குக்கு அடியில் போட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை.

டிம்மர் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது, எடுத்துவிட்டு நேரடி 12 வோல்ட் கொடுத்தேன். பிளேட்டை அக்ரிலிக்குக்கு 3 செ.மீ. மேலே நிறுத்தியிருக்கிறேன், அக்ரிலிக் மேல் தூசி இருந்தாலும் ஃபோகஸில் விழாது. சுற்றிலும் கறுப்பு அட்டை. மிச்சமிருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு, பிளேட் இல்லாமல் ஒரு படம் எடுத்து, பிளேட்டின் படத்தை அதனால் ஜிம்ப்பில் ‘டிவைட்’ (வகுத்தல்) செய்கிறேன்.

ஹாஃப் பிளேட்டுகள் இப்போது நன்றாக வருகின்றன. பெட்டியின் அடியில் சில ஃபுல் பிளேட்டுகளும் உண்டு, 6½ × 8½ அங்குலம். அவற்றுக்கு இந்தப் பெட்டி பத்தாது, அகலமாக இன்னொன்று செய்யணும்.