கீசர் சத்தத்துக்குப் புது கீசர் எதற்கு?

பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கம் வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறோம். காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டத்தை 2024 அக்டோபரில் திறந்துவிட்டார்கள், நாளைக்கு 775 மில்லியன் லிட்டர் என்றார்கள். எங்கள் பில்டிங்கில் இணைப்புக் கட்டணத்தை யார் தருவது என்ற சண்டையே இன்னும் முடியவில்லை. அதனால் சம்ப்பில் விழுவது போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். வாங்கின மாதமே குழாயெல்லாம் வெள்ளை பூத்துவிடும்.

இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி, பாத்ரூமில் இருந்த 15 லிட்டர் கீசர் கத்த ஆரம்பித்தது. ஸ்விட்ச் போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஓர் இரைச்சல், அப்புறம் மூடி போட்ட சட்டியில் சோளம் பொரிவது போல் படபடவென்று. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "வெடிச்சிரும் போல இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அடுப்பில் வெந்நீர் வைக்கப் போய்விட்டார்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். குழாயைத் திறக்கும்போதோ மூடும்போதோ மட்டும் வந்தால் குழாயையோ வால்வையோ பார்க்க வேண்டும். ஆஃப் செய்தபின் டிக் டிக் என்றால் இரும்பு ஆறிச் சுருங்குகிறது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம். எங்களுக்குத் தண்ணீர் சூடாகும்போது மட்டும்தான் வந்தது. அது உப்பின் வேலை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் பிரிந்து சுண்ணாம்பாக, தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருளான 'காயிலின்' மேல் படிகிறது, அந்தப் படிவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் அங்கேயே கொதித்து ஆவிக் குமிழாகி உடைகிறது, நமக்குக் கேட்பது அந்த உடைப்புதான். உடனே வெடிக்காது. ஆனால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்குவதால் காயில் சீக்கிரம் எரிந்துபோகும்.

இது தெரிந்தும் முதலில் சர்வீஸ் சென்டருக்குத்தான் போன் செய்தேன். வந்த பையன் மூடியைக்கூடக் கழற்றாமல் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டேங்க் போச்சு சார், மாத்திடுங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு" என்றான். டேங்க் போனால் ஒழுக வேண்டாமா? ஒரு சொட்டு இல்லை. வந்ததற்கான காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கிருஷ்ணகிரிக்காரர், இந்த ஏரியாத் தண்ணீரை நன்றாகவே அறிந்தவர்.

அவர் முதலில் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சை இறக்கினார், உள்ளே இருந்த தண்ணீர் ஆறும் வரை டீ குடித்தார். பிறகு தண்ணீர் வரும் வழியை அடைத்து, டேங்கைக் காலி செய்து, அடித்தட்டைக் கழற்றினார். கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு பக்கெட்டில் கொட்டியது. காயில் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தடியாகத் தொங்கியது, அவ்வளவுதான் தெரிந்தது. அதைச் சுரண்டினால் காயிலில் கீறல் விழும் என்று சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தார். சிலர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றி அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுவார்களாம், அது காயிலையும் அரித்துவிடும், விடாதீர்கள்.

சத்தத்தை விட முக்கியமான ஒன்றை அப்போதுதான் காட்டினார். காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்க வேண்டும், ஆனோட் ராடு. டேங்கின் இரும்புக்குப் பதில் தான் கரைந்து டேங்கைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. எங்களுடையதில் நடுவில் ஒல்லியான ஒரு கம்பிதான் மிச்சம். சில நூறு ரூபாய்ச் சாமான், அது தீர்ந்தபின் டேங்க் உண்மையிலேயே ஓட்டையாகும். புது ராடு, தண்ணீர் கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு மூடினார். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் ஸ்விட்ச் போட விட்டார், டேங்க் நிரம்பாமல் போட்டால் காயில் அப்போதே போய்விடும்.

படபடப்பு நின்றுவிட்டது. சேஃப்டி வால்வில் மட்டும் சூடாகும்போது இரண்டு சொட்டு வடிகிறது, தண்ணீர் விரிவதால் வருவது, அதை அடைக்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்கு இறக்கியிருக்கிறேன், சூடு குறைந்தால் படிவும் குறையும். பாத்ரூமுக்கு, இந்தச் சுண்ணாம்பு உப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் சாஃப்ட்னர் போடலாம்தான், ஆனால் வாடகை வீட்டில் அதற்கு நான் செலவழிக்கப் போவதில்லை.

பக்கெட்டில் கிடந்த சுண்ணாம்பை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன். ராடு, கேஸ்கெட் காசை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். கூலி என் கணக்கு.