"டிசம்பர்ல மட்டும் வராதீங்கம்மா"

அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) சேர்ந்த இரண்டாவது வருடமே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். திறமையைப் பார்த்து அல்ல. வேறு யாரும் கை தூக்கவில்லை. 1987 வரை பெண்களை உறுப்பினராகவே சேர்க்காத அமைப்பு இது. இப்போது வேலை தலையில் விழும் வேகத்தைப் பார்த்தால் அந்தக் காலமே தேவலை என்று சில நாள் தோன்றும்.

சங்கத்தின் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கும். முதல் மூன்று மாதம் கூட்டக் குறிப்பு எழுதுவதிலும் சேவை அறிக்கையை இணையத்தில் ஏற்றுவதிலும் ஓடிவிட்டது. அக்டோபர் கூட்டத்தில் தலைவர், "ஆண்டிறுதிக் குடும்ப விழா, பரிசுப் பொருள் சேகரிப்பு ரெண்டையும் இந்தத் தடவை நீங்களே பார்த்துக்குங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு சரிக்காக இரண்டு மாதம் அலைந்தேன்.

முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டது பொருளாளரிடம். அதற்கு முந்தைய மாதம்தான் பொதுமக்களிடம் நிதி திரட்டியிருந்தோம், கணக்கில் பணம் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து விழாவுக்கு மண்டபம் பிடித்துவிடலாமே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அரிமா சங்கங்களில் இரண்டு கணக்கு உண்டு: உறுப்பினர் சந்தாவில் ஓடும் நிர்வாகக் கணக்கு ஒன்று, பொதுமக்கள் கொடுத்த பணம் இருக்கும் சேவைக் கணக்கு இன்னொன்று. "அந்தப் பணத்துல நமக்கு ஒரு வேளை சாப்பாடுகூடக் கிடையாதும்மா" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. கடைசியில் வந்தவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு விழாவை நடத்தினோம்.

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது. வழக்கமாகப் போகும் சிறுவர் இல்லத்துக்குப் போன் செய்து, டிசம்பர் கடைசி வாரத்தில் எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டேன். பொறுப்பாளர் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க, டிசம்பர்ல மட்டும் வராதீங்கம்மா. அந்த வாரம் ஒரு நாளைக்கு மூணு குழு வருது. பிள்ளைங்க மூணு தடவை டிரஸ் மாத்தி, மூணு தடவை அதே பாட்டைப் பாடி, மூணு தடவை நன்றி சொல்லுதுங்க. ஜனவரி பொறந்தா ஒருத்தரும் எட்டிப் பார்க்கிறதில்ல."

என்ன வேண்டும் என்று கேட்டேன். பொம்மை போன வருடத்து மூட்டையே இன்னும் பிரிக்காமல் கிடக்கிறதாம். வேண்டியது உள்ளாடை, சாக்ஸ், சீப்பு, துண்டு, இரவில் மாட்டிக்கொள்ள ஒரு மாற்றுத் துணி. வயதுவாரியாக அளவுப் பட்டியல் அனுப்புவதாகச் சொன்னார். போட்டோ வேண்டாம், பிள்ளைகள் முகம் எங்கும் வரக் கூடாது என்றும் சொன்னார். அதைச் சங்கத்தில் சொன்னபோது இரண்டு பேர் முகம் தொங்கிப்போனது. போட்டோ இல்லாமல் அறிக்கையா என்று ஒருவர் கேட்டே விட்டார். பெட்டிகளைப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

பட்டியல் வருவதற்குள் நான் ஒரு அவசரக் காரியம் செய்திருந்தேன். பொருள் கொடுப்பவர்கள் வண்ணத்தாளில் சுற்றியே கொடுங்கள் என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பிவிட்டேன், பார்க்க அழகாக இருக்குமே என்று. நவம்பர் மூன்றாவது வாரம் என் வீட்டு முன்னறையில் அறுபத்துச் சொச்சம் பொட்டலம். உள்ளே என்ன, எந்த வயதுக்கு, ஒன்றும் தெரியாது. ஒன்றைக் குலுக்கினால் சத்தம் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. வேறு வழியில்லை, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். டேப்பின் நுனியை நகத்தால் தேடித் தேடி விரல் எரிந்தது. பிரித்ததில் பாதி பேட்டரி இல்லாத பேட்டரி பொம்மைகள். ஒரு பொட்டலத்தில் கைப்பிடி உடைந்த கோப்பை. பழையதைத் தள்ளிவிட இதையும் ஒரு வழியாக நினைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நீங்கள் யாராவது இந்த வேலையை எடுத்தால், பொருளைச் சுற்றாமல் வாங்குங்கள், தாளைத் தனியாகக் கேளுங்கள். அளவுப் பட்டியல் கைக்கு வராமல் பெட்டியே வைக்காதீர்கள்.

கையில் இருந்த பொம்மைகளை என்ன செய்வது என்று இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் நல்லதாக இருந்ததை ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு வாங்கிக்கொண்டது, துடைத்துக் கழுவக்கூடியதாக இருந்தால் மட்டும்.

இதற்கிடையில் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டி சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தது. 1925-இல், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அமெரிக்காவின் ஓஹையோவில் நடந்த அரிமா மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டதிலிருந்து கண் தொடர்பான சேவை அரிமா சங்கங்களோடு ஒட்டிக்கொண்டது. சேகரிக்கும் கண்ணாடிகள் மறுசுழற்சி மையத்துக்குப் போகும். அங்கே கழுவி, பவர் அளந்து, தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்புவார்கள். எங்கள் வேலை, சில்லு விழுந்தது, கீறியது, ஒற்றைக் கண்ணாடி மட்டும் மிச்சமிருப்பது ஆகியவற்றைக் கழிப்பது. இந்த வேலையைத்தான் விழாவுக்குள்ளேயே வைத்துவிட்டேன். பேச்சு, மாலை எல்லாவற்றையும் குறைத்துவிட்டு, முதல் இரண்டு மணி நேரம் நீள மேசையில் எல்லோரும் உட்கார்ந்து பிரிக்க வேண்டும், அப்புறம்தான் சாப்பாடு. முணுமுணுப்பு இருந்தது. ஆனால் ஒரு பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது துடைக்கும் துணிக்கு அடியில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. நடுங்கிய கையெழுத்தில், "படிக்க மட்டும்". அது மேசை முழுக்கக் கை மாறிப் போய்த் திரும்பி வந்தது. அதற்கப்புறம் முணுமுணுப்பு இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு டெயில் ட்விஸ்டர் எழுந்தார். கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருக்கவும் சின்னச் சின்னக் குற்றத்துக்கு அபராதம் போடவும் சங்கத்தில் இருக்கும் பதவி அது. பேரைப் பார்த்தால் வாலை முறுக்குகிறவர். பொட்டலம் சுற்றச் சொன்னதற்கு எனக்கு ஒரு அபராதம், போன் அடித்ததற்கு இன்னொன்று. மூன்றாவதாகவும் என் பக்கம் திரும்பினார். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது என்று விதி இருக்கிறது. செயலாளர் வேலையில் அதையாவது படித்து வைத்திருந்தேன். எடுத்துச் சொன்னதும் கைதட்டல். அதோடு விடவில்லை. வந்திருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் சம்மதித்தால் டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் போடலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. முதலில் கை தூக்கியது அவர் மனைவி. அவரும் உறுப்பினர்தான். வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த ஒருவரையும் உள்ளே இழுத்து வந்து கை தூக்க வைத்தோம். மனிதர் சிரித்துக்கொண்டே தன் உண்டியலில் தானே போட்டார்.

சிறுவர் இல்லத்துக்குப் பிப்ரவரி இரண்டாவது வாரம் போனோம், நான்கே பேர். அளவுவாரியாகப் பெயர் எழுதிய பெட்டிகள், பேனர் கிடையாது. பொறுப்பாளர் அம்மா பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். இரண்டு அளவு மாறியிருந்தது, குறித்துக் கொடுத்தார். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?" என்று கேட்டான். யாருக்கும் இல்லை, சும்மா வந்தோம் என்றேன். அவன் நம்பவில்லை. நீல சாக்ஸ் தனக்குத்தான் என்று அடுத்தவனோடு சண்டை போடப் போய்விட்டான்.