1 ஜிகாஹெர்ட்ஸ் சிஆர்எல்எச் லைன்: இடைவெளியை மூட 8.2 பிகோஃபாரட் போய் 6.8 வந்தது

சிஆர்எல்எச் (கலப்பு வலக்கை/இடக்கை) லைன் என்பது ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே அலையின் கட்டம் முன்னேறி, மேலே வழக்கம்போல் பின்தங்கும் சிக்னல் பாதை. இரண்டுக்கும் நடுவே சிக்னல் சரியாகக் கடக்காத அதிர்வெண் இடைவெளி விழலாம்; அதை மூடுவதே இங்கே வேலை. எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) போர்டு, தடிமன் 1.6 மிமீ, செம்புப் பட்டை அகலம் 3 மிமீ. அதாவது லைனின் மின்மறுப்பு 50 ஓம். ஒரே மாதிரி திரும்ப வரும் துண்டான செல் ஒன்றுக்கு 10 மிமீ, மொத்தம் ஐந்து செல். இந்த நீளத்துக்கு மைக்ரோஸ்டிரிப்பே (அந்தச் செம்புப் பட்டையே) எல்ஆர் என்ற தொடர் தூண்டல் 3.04 நானோஹென்றி, சிஆர் என்ற தரைக்கான கொண்மம் 1.22 பிகோஃபாரட் தந்துவிடுகிறது. நாம் வைப்பது தொடரில் சிஎல் என்ற கெபாசிட்டர், தரைக்கு எல்எல் என்ற இண்டக்டர். தொடர் ஒத்ததிர்வும் (எல்ஆர், சிஎல்) இணை ஒத்ததிர்வும் (எல்எல், சிஆர்) ஒரே இடத்தில் விழுந்தால்தான் இடைவெளி மூடும். 1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கணக்கு சொன்னது 8.3 பிகோஃபாரட், 20.8 நானோஹென்றி. கடையில் கிடைப்பது 8.2, 20. எல்டிஸ்பைஸ் என்ற சுற்று மாதிரி மென்பொருளில் இடைவெளி வெறும் 11 மெகாஹெர்ட்ஸ்.

போர்டில் அப்படி வராது. 0603 அளவுச் சிப் கெபாசிட்டருக்குச் சொந்தமாகவே சுமார் 0.6 நானோஹென்றி உண்டு. அது எல்ஆரோடு சேரும். 0.8 மிமீ துளையில் கம்பி விட்டு ஈயம் வைத்த தரை இணைப்பு சுமார் 1 நானோஹென்றி. அது எல்எல்லோடு சேரும். இரண்டையும் மாடலில் சேர்த்தால் தொடர் 921, இணை 994 மெகாஹெர்ட்ஸ்: 73 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி.

இதை எஸ்21-ல் (கடந்து போகும் சிக்னல்) தேடினால் ஏமாற்றம்தான். ஐந்து செல்லுக்கு இழப்பு 0.1 டெசிபல் அளவே. எஸ்11-ல்தான் (திரும்பி வரும் சிக்னல்) −16 டெசிபல் மேடு தெரியும்.

சிஎல்லை 6.8 ஆக்கினால் தொடர் 1012-க்கு ஏறி, இடைவெளி 18 ஆகச் சுருங்குகிறது. லைன் சுமார் 55 ஓமுக்கு நகரும். எஸ்11-ன் உச்சம் −20 டெசிபலை ஒட்டி நிற்கும். பொறுத்துக்கொள்ளலாம். இரு முனைகளிலும் இரட்டை சிஎல் தேவை: 6.8 இரண்டை இணையாக வைத்தால் 13.6, சரியாகப் பொருந்தும். 500 மெகாஹெர்ட்ஸில் செல்லுக்குக் கட்டம் சுமார் 37 பாகை முன்னேறும், 1.5 ஜிகாஹெர்ட்ஸில் 20 பாகை பின்தங்கும். திசை மாறுவதைப் பார்ப்பதற்காகவே இந்த லைனைக் கட்டலாம்.

எஸ்11, எஸ்21 அளக்கும் சிறு கருவியான நானோவிஎன்ஏ-எச் 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை காட்டினாலும் 900 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சல் கூடும். அளவுதிருத்தத்தைக் கேபிள் முனையில் செய்யவும்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஐப்பசி மழையில் போர்டு ஈரம் ஏற்கும். அளக்கும் முன் காயவைத்து, ஈயம் வைத்தபின் மிஞ்சும் ஃப்ளக்ஸைத் துடைக்கவும். போர்டின் செம்பை அரித்த ஃபெரிக் குளோரைடை வாய்க்காலில் கொட்டவே கூடாது. செம்பு கலந்த அந்த நீர் நேரே வயலுக்குப் போகும். மூடிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கவும்.