கண்மாயில் வெட்டிய சுள்ளி செவல் காட்டுக்குக் கரியானது

எங்கள் கண்மாயின் உள்வாயில் மண்டிக்கிடந்த சீமைக் கருவேல மரங்களை இந்தக் கோடையில் வெட்டியபோது, தடித்த விறகெல்லாம் கரிமூட்டத்துக்குப் போய்விட்டது. முள்ளும் சுள்ளியுமாக மிஞ்சியவை கரையோரம் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு வழக்கம்போலத் தீ வைத்திருந்தால், அந்தக் கரிமம் அவ்வளவும் காற்றில் கலந்து, பிடிசாம்பல்தான் மிஞ்சியிருக்கும். "சுள்ளி மூட்டத்துக்கு ஆகாது தம்பி" என்றார் மூட்டம் போடும் பெரியவர். மண்ணுக்குத் திரும்ப வேண்டியது அந்தச் சுள்ளிதான் என்று நான் நம்புகிறேன்.

அதைக் கரியாக்கி நிலத்தில் இடுவதற்காக, மேல்வாய் நான்கடி அகலமும் அடிப்பகுதி குறுகலுமாக, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினோம். தீயை மேலிருந்து மூட்ட வேண்டும். மேலே எரியும் சுவாலை காற்றை எடுத்துக்கொள்வதால் அடியிலுள்ள சுள்ளி சாம்பலாகாமல் கரியாகிறது. புகையும் அந்தச் சுவாலையிலேயே பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. மேலடுக்கில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த கைப்பிடிச் சுள்ளியைப் போட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கரி குறைந்துபோகும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுவதுமாக அணைத்தோம். ஆறிய கரி கையில் கனமில்லாமல், ஒன்றோடொன்று மோதும்போது கலகலத்தது. விரலில் தேய்த்த கறை வெறும் தண்ணீரிலேயே போனது. எண்ணெய்போல ஒட்டியிருந்தால் வேக்காடு போதவில்லை என்று பொருள்.

இந்தக் கரியை அப்படியே நிலத்தில் போட்டால், பயிருக்கான தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சாணமும் மாட்டுக் கோமியமும் கரைத்த தொட்டியில் இரண்டு வாரம் ஊறவைத்து, பிறகு குப்பை உரத்தோடு கலந்தோம். எல்லா மண்ணுக்கும் இது பொருந்தும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கரி பொதுவாகக் காரத்தன்மை உடையது. ஏற்கெனவே காரம் மிகுந்த எங்கள் கரிசலில் அதைக் கொட்டுவது தவறாகிவிடும். நீர் நிற்காத, சத்துப் பிடிக்காத செவல் காட்டில், அதாவது செம்மண் புஞ்சையில்தான் அதற்கு வேலை இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அமேசான் காட்டு மக்கள் கரியும் கழிவும் சேர்த்து வளப்படுத்திய மண் இன்றும் கறுத்திருப்பதை நினைத்தால், நாம் இடும் கரியும் நமக்குப் பின் நெடுங்காலம் நிலத்தில் இருக்கும் என்று நம்பலாம்.

என் அச்சம் வேறு. கரிக்கு விலை வந்துவிட்டால், மரம் மீண்டும் தழைக்கட்டும் என்று தூரை விட்டுவைப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் விறகுக்கரி அந்தப் பாடத்தை ஏற்கெனவே கற்பித்திருக்கிறது. ஆகவே கண்மாயை மீட்கும் வேலையில் கிடைக்கும் துணைப்பொருளாக மட்டுமே கரி இருக்க வேண்டும். நாங்கள் தூரோடு தோண்டி எடுத்தோம். கொக்குகள் கூடு கட்டும் நடுத்திட்டு மரங்களை மட்டும், அங்கே நட்ட நாட்டுக் கருவேலங்கன்றுகள் வளரும்வரை தொடவில்லை. ஆடுமாடுகள் நெற்றுகளைத் தின்று சாணத்தோடும் புழுக்கையோடும் பரப்பிய விதைகள் இன்னும் சில ஆண்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். நேற்றுக் காலை ஈரம் காயுமுன் ஒரு கூடை நிறையக் கன்றுகளைப் பிடுங்கினோம். தண்டு விரல் நீளம்தான், வேரோ முழங்கை நீளம் இருந்தது.